ஒன்று தெரிந்தால் ஐந்தும் தெரியுமா?

‘சைன் மதிப்பு 3/5 எனில் மற்ற முக்கோணவியல் விகிதங்களைக் காண்க.’ பள்ளியில் முக்கோணவியல் படித்த எவரும் இந்த வகைக் கணக்கைப் போடாமல் வந்திருக்க முடியாது. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் ஒன்பதாம் வகுப்பிலும், மத்தியப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பிலும் இது வருகிறது. போடும் முறையும் எல்லாருக்கும் ஒன்றுதான். ஒரு செங்கோண முக்கோணம் வரைய வேண்டும். எதிர்ப்பக்கம் 3, கர்ணம் 5 என்று குறிக்க வேண்டும். பிதாகரஸ் தேற்றத்தின்படி அடுத்துள்ள பக்கம் 4. எனவே கொசைன் 4/5, டேன்ஜென்ட் 3/4. இந்த மூன்றையும் தலைகீழாக்கினால் கோசீகண்ட் 5/3, சீகண்ட் 5/4, கோடேன்ஜென்ட் 4/3. கணக்கு முடிந்தது.

இந்தச் சின்னக் கணக்குக்குள் ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. ஒரு கோணத்தைப் பற்றி ஓர் எண்ணுக்கு எவ்வளவு தெரியும்? ஏறக்குறைய எல்லாமே தெரியும், ஒன்றே ஒன்றைத் தவிர என்பதுதான் நேர்மையான விடை. வகுப்பறை முறை ‘எல்லாமே தெரியும்’ என்பதை அழகாகக் காட்டிவிட்டு, ‘ஒன்றைத் தவிர’ என்பதைச் சொல்லாமல் விடுகிறது. இந்தப் பயிற்சியை எடைபோடும்போது இவ்விரண்டையும் சேர்த்தே தராசில் வைக்க வேண்டும்.

முதலில் அதன் பலங்கள். இங்கே 3, 5 என்பவை நீளங்கள் அல்ல. ஒரு விகிதத்தின் இரு உறுப்புகள். 3 சென்டிமீட்டருக்கு 5 சென்டிமீட்டர் என்று வரைந்தாலும், 30 மீட்டருக்கு 50 மீட்டர் என்று நிலத்தில் அளந்தாலும் கிடைப்பவை வடிவொத்த முக்கோணங்கள். ஒரு கோணம் செங்கோணம் என்று முன்பே முடிவாகிவிட்டது. மீதமுள்ள இரண்டில் ஒன்று தெரிந்தால் மற்றதும் தெரிந்துவிடும். ஆகவே வடிவத்தைத் தீர்மானிக்க ஓர் எண்ணே போதும். வடிவொத்த முக்கோணங்கள் என்ற பாடத்தைத் தனியாகப் படித்து மறந்துபோன மாணவருக்கு, அது எதற்குப் பயன்படுகிறது என்று இந்தக் கணக்கு காட்டுகிறது. விரும்பியபடி எந்த அளவிலும் வரையலாம், விடை மாறாது என்பதை அவர் உணர்ந்துவிட்டால் முக்கோணவியலின் அடித்தளம் போடப்பட்டுவிட்டது.

இரண்டாவது பலம் இன்னும் நுட்பமானது. இந்தக் கணக்கில் கோணத்தைக் காண்பதே இல்லை. சைன் 3/5 ஆக உள்ள குறுங்கோணம் சுமார் 36.87 பாகை. அது முடிவுறா தசமம். பாகையில் துல்லியமாக எழுதி முடிக்க முடியாது. கால்குலேட்டரில் கோணத்தைக் கண்டு, பிறகு அதன் கொசைனைத் தேடினால் இரண்டு இடங்களில் தோராயம் நுழைகிறது. முக்கோணத்தின் வழியே போனால் கோணத்தைத் தொடாமலே 4/5 என்ற துல்லியமான விடை கைக்கு வருகிறது. நம் ஊர் நுழைவுத்தேர்வு இயற்பியல் கணக்குகளில் சாய்தளத்தின் கோணம் 37 பாகை அல்லது 53 பாகை என்று திரும்பத் திரும்ப வருவதற்கு இந்த 3, 4, 5 முக்கோணமே காரணம். அங்கே பாகை வெறும் பெயர்தான். வேலை செய்பவை 3/5, 4/5 என்ற விகிதங்கள்.

மூன்றாவதாக, பத்தாம் வகுப்பில் வரவிருக்கும் முற்றொருமைகளுக்கு இது முன்னோட்டம். சைன் வர்க்கமும் கொசைன் வர்க்கமும் சேர்ந்தால் 1 என்பது, பிதாகரஸ் தேற்றத்தைக் கர்ணத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெற்றது. 3/5, 4/5 என்று எண்களில் பலமுறை பார்த்த பிறகு அதை எழுத்துகளில் சந்திக்கும் மாணவருக்கு அது புதிய சூத்திரமாகத் தோன்றாது.

ஒன்றிலிருந்து மற்றதைப் பெறும் தேவையும் பழமையானது. ஆரியபடர் 499-ஆம் ஆண்டையொட்டி இயற்றிய ஆரியபடீயத்தில், கால்வட்டத்தை 24 சம பகுதிகளாக்கி, 3438 ஆரமுள்ள வட்டத்தின் அரைநாண்களுக்கு, அதாவது ஆரத்தால் பெருக்கிய சைன் மதிப்புகளுக்கு, அட்டவணை கிடைக்கிறது. கொசைனுக்குத் தனி அட்டவணை வேண்டியதில்லை. எட்டாவது மதிப்பு 30 பாகைக்கு உரியது, அது 1719. அதே கோணத்தின் கொசைன் வேண்டுமானால், 24-இலிருந்து 8-ஐக் கழித்துப் பதினாறாவது மதிப்பைப் படித்தால் போதும்; அது 2978. வர்க்கமூல வழியில் போய், 3438-இன் வர்க்கத்திலிருந்து 1719-இன் வர்க்கத்தைக் கழித்து மூலம் எடுத்தால் 2977.4 வருகிறது. இரண்டு வழிகளும் ஏறத்தாழ ஒன்றையே சொல்கின்றன. வேறுபாடு ஒன்றுக்கும் குறைவு. வானியல் கணக்கில் ஈடுபட்டவர்களுக்கு ‘மற்ற விகிதத்தைக் காண்பது’ அன்றாடத் தேவை. அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட பாதைகளும் அவர்களிடம் இருந்தன.

இனிக் குறைகள். முதலில் கண்ணில் படுவது எண்களின் தேர்வு. பயிற்சிக் கணக்குகளில் பெரும்பாலும் வருபவை 3, 4, 5; 5, 12, 13; 8, 15, 17; 7, 24, 25. எல்லாம் முழு எண்ணில் முடியும் பிதாகரஸ் மும்மைகள். தொடக்கத்தில் இந்தச் சலுகை தேவைதான். ஆனால் தொடர்ந்து இவற்றையே போட்ட மாணவர் ‘மூன்றாம் பக்கம் முழு எண்ணாக வந்தால் கணக்கு சரி’ என்று தனக்குள் ஒரு விதியை எழுதிக்கொள்கிறார். சைன் 2/3 என்று கொடுத்தால் அடுத்துள்ள பக்கம் √5 என வருகிறது; உடனே எங்கோ பிழை என்று அடித்துத் திருத்தத் தொடங்குகிறார். சரிபார்க்கத் தவறான ஓர் அளவுகோல் அவர் கையில் சிக்கிவிட்டது.

உண்மையில் கற்றுத்தர வேண்டிய சரிபார்ப்பு வேறு. சைன் 5/3 என்று ஒரு கணக்கு கொடுத்துப் பாருங்கள். எதிர்ப்பக்கம் 5, கர்ணம் 3 என்று குறித்துவிட்டு, 9-இலிருந்து 25-ஐக் கழித்து, −16-க்கு வர்க்கமூலம் தேடுகிற இடத்தில்தான் பலரும் நிற்பார்கள். செங்கோண முக்கோணத்தில் கர்ணமே மிக நீளமான பக்கம். எனவே சைனும் கொசைனும் 1-ஐத் தாண்ட முடியாது. சீகண்டும் கோசீகண்டும் 1-க்குக் கீழே இறங்க முடியாது. டேன்ஜென்டுக்கு அத்தகைய வரம்பு கிடையாது. கொடுத்த எண் இருக்கக்கூடியதுதானா என்ற கேள்வியே முதல் படியாக இருக்க வேண்டும். நம் பயிற்சிகளில் கொடுக்கப்படும் எண் எப்போதும் நல்ல எண்ணாகவே இருப்பதால் அந்தப் படிக்கு வேலையே வருவதில்லை.

மேலே சொன்ன ‘ஒன்றைத் தவிர’ என்பது அடுத்த குறை. முக்கோணம் வரையும் முறையில் பக்கங்கள் நீளங்கள். நீளம் குறை எண்ணாகாது. ஆகவே படத்தைப் போட்ட நொடியிலேயே எல்லா விகிதங்களுக்கும் கூட்டல் குறி என்று முடிவாகிவிடுகிறது. நாம் முடிவு செய்தோம் என்பதே நமக்குத் தெரிவதில்லை. முற்றொருமை வழியில் போனால் நிலைமை வேறு. கொசைனின் வர்க்கம் 16/25. எனவே கொசைன் +4/5 அல்லது −4/5. 36.87 பாகைக்கும் சைன் 3/5, 143.13 பாகைக்கும் சைன் 3/5. முன்னதன் கொசைன் 4/5, பின்னதன் கொசைன் −4/5. இயற்கணிதம் இரண்டு விடைகளையும் முன்னால் வைக்கிறது. படம் ஒன்றை மறைத்துவிடுகிறது.

எவ்வளவு தகவல் குறைகிறது என்பதைத் துல்லியமாகவே சொல்லலாம். சைன் தெரிந்தால் கோசீகண்ட் ஐயமின்றித் தெரியும், அது வெறும் தலைகீழ். மற்ற நான்கின் அளவும் தெரியும், குறி தெரியாது. ஆனால் நான்கு குறிகளும் தனித்தனியே ஊசலாடுவதில்லை. சைன் 3/5 எனில் கொசைனுக்குக் கூட்டல் என்றால் டேன்ஜென்ட், சீகண்ட், கோடேன்ஜென்ட் மூன்றுக்கும் கூட்டல்; கழித்தல் என்றால் மூன்றுக்கும் கழித்தல். கொசைனோ டேன்ஜென்டோ கொடுக்கப்பட்டாலும் இதே கதைதான்: ஒன்று உறுதி, நான்கு ஒரே முடிச்சில் கட்டுண்டவை. விடுபட்டிருப்பது ‘ஆம், இல்லை’ என்ற ஒற்றைப் பதில் மட்டும். ஒரு விகிதத்துடன் அந்த ஒற்றைப் பதிலும் சேர்ந்தால்தான் ஆறும் முழுமையாகத் தெரியும்.

மத்தியப் பாடத்திட்டத்தின் பதினொன்றாம் வகுப்பு நூல் இதைச் செய்கிறது. ‘கொசைன் −1/2, கோணம் மூன்றாம் கால்பகுதியில் உள்ளது’ என்பதுபோல் ஐந்து கணக்குகள் அங்கே வரிசையாக வருகின்றன. கால்பகுதி என்ற அந்தக் கூடுதல் செய்திதான் நாம் தேடும் ஒற்றைப் பதில். ஆனால் அது மாணவருக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது? ‘ஆல் சில்வர் டீ கப்ஸ்’ என்ற மனப்பாட வாய்பாடாக. முதல் கால்பகுதியில் எல்லாம் கூட்டல், இரண்டில் சைன், மூன்றில் டேன்ஜென்ட், நான்கில் கொசைன். முன்பு எதை விட்டுவிட்டோம் என்று தெரியாதவருக்கு இது புதிதாக வந்து ஒட்டிக்கொண்ட விதி. பழைய கணக்கிலேயே இருந்த ஓட்டையை இது அடைக்கிறது என்று அவருக்குப் புரிவதில்லை.

குறி என்பது தேர்வுத் தாளுக்கு மட்டுமான நுணுக்கம் என்று நினைப்பவர்கள் ஒரு தொழிற்சாலையின் மின்இணைப்பைப் பார்க்கலாம். பவர் ஃபேக்டர் என்பது மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் இடையிலான கட்டக் கோணத்தின் கொசைன். ஓர் ஆலை 100 கேவிஏ எடுக்கிறது, பவர் ஃபேக்டர் 0.8 என்றால், உண்மையில் வேலை செய்யும் மின்திறன் 80 கிலோவாட். சைன் 0.6 என்பதால், வேலை செய்யாமல் வந்து போகும் பங்கு 60 கேவிஏஆர். நம் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு அப்படியே இங்கே நிற்கிறது. ஆனால் 0.8 என்று மட்டும் சொன்னால் பொறியாளர் திருப்திப்பட மாட்டார். ‘லேக்கிங்கா, லீடிங்கா’ என்று கேட்பார். மோட்டார்கள் நிறைந்த ஆலையில் மின்னோட்டம் பின்தங்கும். கெபாசிட்டர் பொருத்தினால் நிலைமை சீராகும். முந்தும் மின்னோட்டம் உள்ள இடத்தில் அதே கெபாசிட்டரைப் பொருத்தினால் நிலைமை மோசமாகும். கொசைனுக்கு அந்த வேறுபாடு தெரியாது. எனவேதான் எண்ணுக்குப் பக்கத்தில் அந்தச் சொல்லையும் எழுதுகிறார்கள்.

கணினி நிரல் எழுதுபவர்களும் இதே சுவரில் முட்டியவர்கள்தான். ஒரு புள்ளி எந்தத் திசையில் இருக்கிறது என்று அறிய, செங்குத்துத் தூரத்தைக் கிடைத்தூரத்தால் வகுத்து டேன்ஜென்டைக் கண்டால், வடகிழக்கும் தென்மேற்கும் ஒரே விடையைத் தருகின்றன. வகுத்தலின்போது இரண்டு கழித்தல் குறிகளும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடுகின்றன. அதனால் ஃபோர்ட்ரான் காலத்திலிருந்தே ‘ஏடேன்2’ என்ற சார்பு நிரல்மொழிகளில் இருக்கிறது. அது விகிதத்தை வாங்குவதில்லை. இரு தூரங்களையும் குறியோடு தனித்தனியே வாங்கிக்கொள்கிறது.

எல்லா இடத்திலும் குறி தேவை என்றும் சொல்லிவிட முடியாது. டேன்ஜென்ட் 4/3 எனில், 5 சைன் கழித்தல் 3 கொசைன் என்பதை 5 சைன் கூட்டல் 2 கொசைனால் வகுத்தால் என்ன வரும் என்று ஒரு வகைக் கணக்கு உண்டு. முக்கோணம் வரைந்து போட்டால் 11/26. மூன்றாம் கால்பகுதியில் இரு குறிகளையும் மாற்றிப் போட்டாலும் 11/26. மேலும் கீழும் கொசைனால் வகுத்துவிட்டால் டேன்ஜென்ட் மட்டுமே மிஞ்சுகிறது. அதுவே இதற்குக் காரணம். அதே டேன்ஜென்டைக் கொண்டு சைனும் கொசைனும் சேர்ந்த கூட்டுத்தொகை கேட்டால் 7/5 அல்லது −7/5. எந்தக் கேள்விக்குக் குறி வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பிரித்தறிவதே இந்தப் பாடத்தின் உயர்ந்த பயன். ‘ஆறையும் எழுதுக’ என்று இயந்திரம்போல் கேட்கும் வினாவில் அந்தப் பயனுக்கு இடமில்லை. ஆறில் மூன்று வெறும் தலைகீழ் என்பதால், அந்த வினாவின் பாதி உழைப்பும் எழுதும் உழைப்பே.

மூன்றாவது குறை, அளந்தெடுத்த எண்களோடு இந்த முறை எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பற்றிய மௌனம். பாடநூலில் 3/5 என்றால் சரியாக 3/5. களத்தில் அப்படி வராது. 89 பாகையின் சைனை நான்கு தசம இட அட்டவணையில் பார்த்தால் 0.9998. அதிலிருந்து கொசைனைக் கண்டால் 0.0200 வருகிறது. உண்மை மதிப்பு 0.01745. பிழை ஏறத்தாழ 15 விழுக்காடு. அதைக் கொண்டு டேன்ஜென்டைக் கண்டால் 50, உண்மையோ 57.29. முறையில் தவறில்லை, கூட்டல் கழித்தலிலும் தவறில்லை. 1-க்கு மிக அருகில் உள்ள எண்ணை 1-இலிருந்து கழிக்கும்போது, எஞ்சுவதில் பெரும்பகுதி தோராயத்தின் குப்பையே. மாறாக டேன்ஜென்ட் 57.29 என்பதிலிருந்து தொடங்கினால் கொசைன் 0.01745 என்று சரியாகக் கிடைக்கிறது. அதாவது ‘ஏதாவது ஒன்று தெரிந்தால் போதும்’ என்பது ஏட்டில் உண்மை. களத்தில் எது தெரியும் என்பது பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது.

கடலோடிகள் இதை நன்கு அறிந்திருந்தார்கள். பூமிப்பரப்பில் 100 மீட்டர் இடைவெளியில் உள்ள இரு புள்ளிகள் பூமியின் மையத்தில் தாங்கும் கோணத்தின் கொசைன் 0.9999999998-ஐவிடவும் 1-க்கு நெருக்கமானது. எட்டு இலக்கக் கருவியில் அது 1 என்றே தெரியும்; தூரம் சுழி என்றாகிவிடும். அரைக்கோணத்தின் சைனை வர்க்கப்படுத்தி அட்டவணையாக்கிய ஹேவர்சைன், கப்பற்கணக்கில் இடம்பிடித்தது இந்தச் சிக்கலைத் தவிர்ப்பதால்தான். 1835-இல் அப்பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் இன்மன். பள்ளிப் பாடத்தில் அந்தச் சார்பு இல்லை. அது எதற்காகத் தேவைப்பட்டது என்ற பாடமும் இல்லை.

இந்தக் குறைகளுக்கு ஆசிரியர்கள் தரப்பில் நியாயமான ஒரு பதில் உண்டு. ஒன்பதாம் வகுப்பில் முக்கோணவியல் விகிதங்களே குறுங்கோணத்துக்குத்தான் வரையறுக்கப்படுகின்றன. 143 பாகையின் சைன் என்ற பேச்சே அங்கே கிடையாது. எனவே ஒரே விடை என்பது பிழையல்ல. அந்த வரையறைக்குள் முற்றிலும் சரி. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு முதல் நாளே நான்கு கால்பகுதிகளையும் ஹேவர்சைனையும் கொட்டினால் முக்கோணவியலையே வெறுத்துவிடும். இந்தப் பதிலை நான் மதிக்கிறேன். படிப்படியாகச் சொல்வதில் தவறில்லை. ஆனால் ஒரு படியில் நிற்கும்போது இது படிதான் என்று சொல்லலாம் அல்லவா? ‘குறுங்கோணம் என்பதால் கூட்டல் குறியை எடுத்துக்கொள்கிறோம்’ என்ற ஒரு வரியை விடையில் எழுதச் சொன்னால் போதும். பதினொன்றாம் வகுப்பில் அந்த நிபந்தனை நீங்கும்போது எது மாறுகிறது என்று மாணவரே கண்டுகொள்வார். இன்று அந்த வரி இல்லாததால், நிபந்தனையோடு கூடிய ஓர் உண்மை நிபந்தனையற்ற உண்மையாக மனத்தில் பதிந்துவிடுகிறது.

உண்மையிலேயே தனியாளாக எல்லாம் தெரிந்த விகிதம் ஒன்று இருக்கிறதா? இருக்கிறது: அரைக்கோணத்தின் டேன்ஜென்ட். அதன் மதிப்பை ‘ட’ என்று வைத்துக்கொண்டால், முழுக்கோணத்தின் சைன் = 2ட/(1+ட²); கொசைன் = (1−ட²)/(1+ட²). வர்க்கமூலமே இல்லை, எனவே இரட்டைக் குறியும் இல்லை. ட = 1/3 என்றால் சைன் 3/5, கொசைன் 4/5. ட = 3 என்றால் சைன் அதே 3/5, கொசைன் −4/5. சைனால் பிரிக்க முடியாத இரட்டையரை இது பிரித்துவிடுகிறது. டேன்ஜென்ட் 180 பாகைக்கு ஒருமுறைதான் திரும்ப வரும். முழு வட்டத்தின் 360 பாகையைப் பாதியாக்கினால் 180. ஆகவே ஒரு சுற்றுக்குள் இரு கோணங்கள் ஒரே மதிப்பில் மோதுவதில்லை. 180 பாகை ஒன்றுக்கு மட்டும் இதற்கு மதிப்பு கிடையாது. போனஸாக, ‘ட’-வுக்கு எந்தப் பின்னத்தைக் கொடுத்தாலும் ஒரு பிதாகரஸ் மும்மை பிறக்கும்: 1/5 கொடுத்தால் 5, 12, 13. பாடநூல் ஆசிரியர்கள் முழு எண் கணக்குகளைத் தயாரிக்கும் சமையலறைக் குறிப்பே இதில் இருக்கிறது. ஐந்தும் தெரிந்த அந்த ஒன்று ஆறில் எதுவுமல்ல என்ற செய்தி, மேல்வகுப்பு மாணவர் அறியத்தக்க நல்ல முடிவு.

ஆகவே இந்தப் பயிற்சியைக் கைவிட வேண்டியதில்லை, வினாவைத் திருத்தினால் போதும். ‘மற்ற ஐந்தையும் காண்க’ என்பதற்கு முன்னால் ‘இந்த எண் இருக்க முடியுமா?’ என்று கேட்கலாம். பின்னால் ‘எத்தனை விடைகள் சாத்தியம்? ஒன்றை மட்டும் ஏன் எடுத்தாய்?’ என்று கேட்கலாம். முழு எண் மும்மைகள் நான்கு கொடுத்தால் ஐந்தாவதாக 2/3 ஒன்றையும், ஆறாவதாக 5/3 ஒன்றையும் கலந்து வைக்கலாம். கால்குலேட்டர் கையில் உள்ள வகுப்பில் 0.9998-ஐக் கொடுத்து, வந்த விடையை எவ்வளவு நம்பலாம் என்று விவாதிக்கச் சொல்லலாம். இவற்றுக்குப் புதிய பாடமோ கூடுதல் பாடவேளையோ தேவையில்லை. விடைத்தாளில் இரண்டு வரி கூடும். இப்போதைய வடிவில் இந்தக் கணக்கு மாணவரின் வாய்பாட்டை மட்டுமே சோதிக்கிறது. அந்த இரண்டு வரிகளும் சேர்ந்தால், கையில் உள்ள தகவலிலிருந்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்ற தீர்ப்பையும் சேர்த்துச் சோதிக்கும். மதிப்பெண் அந்தத் தீர்ப்புக்கே போக வேண்டும்.